கிரேப் மிர்ட்டிலை மழைக்கு முன் மொட்டையடிக்கலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீடு திருகோணமலை உப்புவெளியில். மூன்று வருடத்துக்கு முன் பேராதனைப் பக்கம் போனபோது வழியில் ஒரு கிரேப் மிர்ட்டில் கன்று வாங்கி வந்து முன்வளவில் நட்டிருக்கிறீர்கள். முதல் வருடம் இளஞ்சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்தது. பிறகு ஒவ்வொரு ஒக்ரோபரும், மாரி தொடங்கமுன், வேலைக்கு வருபவரைக் கொண்டு எல்லாத் தண்டையும் மதில் உயரத்துக்கு ஒரே மட்டமாக வெட்டுவிக்கிறீர்கள். இப்போது விளக்குமாற்றுக் குச்சி மாதிரிக் கிளைகள், பூ குறைவு, தை மாசியில் இலையெல்லாம் மாத் தூவியது போல வெள்ளை. "அண்ணா, மரத்துக்கு என்ன நோய்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தங்கச்சி, வெள்ளை ஒரு நோய்தான், ஆனால் அது பின்னால் வந்தது. முதல் பிழை ஒக்ரோபர் வெட்டு. இந்த மரத்துக்கு இவ்வளவு வெட்டே தேவையில்லை. தேவையான கொஞ்சத்தையும் மழை முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

மழைக்கு முன் மரம் வெட்டுவது எங்களூர்ப் பழக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன். முருங்கை முறியும், தென்னோலை கூரையில் விழும், கொப்பு கரண்ட் வயரில் முட்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது பாலையூற்றில் என் வளவிலும் ஒரு முருங்கை சாய்ந்தது. ஆனால் அந்த இரவு என் கிரேப் மிர்ட்டிலில் முறிந்தது எது தெரியுமா? அதற்கு முதல் வருடம் நானே மொட்டையடித்த ஒரு தண்டிலிருந்து வந்த புதுக் கிளைகள் மட்டும்தான். வெட்டாமல் விட்ட மற்ற மூன்று தண்டும் வளைந்து கொடுத்துவிட்டு நிமிர்ந்து நின்றன. காலையில் போய்ப் பார்த்தேன். முறிந்த கிளைகள் நடுவில் ஒடியவில்லை, அடியோடு தோல் உரிந்தது போலக் கழன்று கிடந்தன. வெட்டிய முனையைச் சுற்றி அவசரமாக முளைக்கும் கிளைகள் தண்டின் மேல்தோலோடுதான் ஒட்டிக்கொண்டிருக்கும், மரத்துக்குள் ஊன்றியிருக்காது. காற்றுக்குப் பயந்து வெட்டுகிறோம், வெட்டின இடம்தான் காற்றுக்கு முதலில் போகிறது.

இந்த மரம் அந்த வருடம் விடும் புதுக் குருத்தின் நுனியில்தான் பூக்கும், பழைய கட்டையில் பூக்காது. "அப்படியென்றால் நிறைய வெட்டினால் நிறையக் குருத்து, நிறையப் பூ" என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டு வேலைக்காரர் மட்டுமல்ல, அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் இதே கணக்குத்தான். அங்கே இந்த மரம் நம்மூர்ச் செம்பரத்தை மாதிரி வீட்டுக்கு வீடு நிற்கும். வருடா வருடம் மொட்டையடிப்பவர்களைக் கிண்டல் செய்து 'கிரேப் மர்டர்' என்றே ஒரு பேச்சு வைத்திருக்கிறார்கள், மரக் கொலை என்ற பொருளில். கணக்கு எங்கே பிழைக்கிறது என்றால், முனையில் பத்துப் பதினைந்து குருத்து ஒரே இடத்தில் நெருக்கியடித்து வரும். ஒன்றின் நிழலில் ஒன்று. எல்லாம் வெயில் தேடி நீளுமே தவிரத் தடிக்காது. கொத்து வந்ததும், அதில் ஒரு மழைத்தண்ணி நின்றதும், பாரம் தாங்காமல் நிலத்தைப் பார்த்துத் தொங்கும். அடுத்த வருடமும் அதே இடத்தில் வெட்டினால் அங்கே கைமுட்டி மாதிரி ஒரு கட்டி விழும். உங்கள் மரத்தில் இப்போது இரண்டு மூன்று முட்டி இருக்க வேண்டுமே, போய்ப் பாருங்கள்.

அதிலும் ஒக்ரோபரில் வெட்டினால் இன்னொரு கஷ்டம். எங்களுக்கு வருடத்தில் 1500 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதில் பெரும்பகுதி ஒக்ரோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. வெட்டு வாங்கிய மரம் அந்த நேரத்தில் பிஞ்சுக் குருத்து விடும். வெயில் இல்லை, இலை காய்வதே இல்லை. முதலில் மண்ணிறப் புள்ளி விழுந்து இலை மஞ்சளாகி உதிரும். பிறகு ஜனவரி, பெப்ரவரியில் மழை விட்டுவிட்டு, இரவு குளிர்ந்து, பகல் காய்ந்து கிடக்கும்போது நீங்கள் சொன்ன வெள்ளை வரும். அதைச் சாம்பல் நோய் என்பார்கள். மற்றப் பூஞ்சணம் மாதிரி இதற்கு இலையில் தண்ணி நிற்கத் தேவையில்லை. காற்றில் ஈரம், நெருக்கம், நிழல் போதும். பிஞ்சு இலையையும் மொட்டையும்தான் முதலில் பிடிக்கும். பிடித்த மொட்டு விரியாது. நெருக்கமான பிஞ்சுக் குருத்தை அந்த நோய் வரும் மாதங்களுக்குப் பார்த்துத் தயார்செய்து கொடுத்தது ஒக்ரோபர்க் கத்திதான்.

சரி, எப்போது வெட்டுவது? தைப்பொங்கல் முடிந்து, வாடைக்காற்று அடங்கி, மழை நின்றுவிட்டது என்று மனம் நம்பத் தொடங்கும் நேரம் இருக்கிறதே, அதுதான். ஜனவரிக் கடைசியிலிருந்து பெப்ரவரி நடு வரை. அப்போது மண்ணுக்குள் ஈரம் நிறைய இருக்கும், வெயில் திரும்பியிருக்கும். வெட்டி இரண்டு, இரண்டரை மாதத்தில், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிக் கொத்து வரும். வெளிநாட்டுக் குறிப்புகளும் பெப்ரவரி, மார்ச் என்றுதான் சொல்லும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அங்கே குளிர் முடிந்து மரம் விழிக்கமுன் வெட்டுகிறார்கள். இங்கே மழை முடிந்ததால் வெட்டுகிறோம். ஒரு வருடம் மழை பெப்ரவரிக் கடைசி வரை இழுத்தால் நாமும் இழுத்துத்தான் வெட்ட வேண்டும், நாட்காட்டி பார்த்து அல்ல.

இப்போது எவ்வளவு என்ற விஷயம். என் வீட்டில் ஒரு சட்டம்: பென்சிலை விடத் தடித்த கிளைக்குக் கத்தி வைக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, மரத்தின் நடுவைப் பார்த்து உள்ளே வளர்வது, நடைபாதையில் முகத்தில் அடிப்பது. இவை காரணம். 'உயரமாகிவிட்டது' என்பது காரணமல்ல. உயரம் பிடிக்கவில்லையென்றால் தொடக்கத்திலேயே குட்டை இனம் வாங்கியிருக்க வேண்டும். இடுப்பளவோடு நிற்பதும் உண்டு, இருபது அடி தாண்டுவதும் உண்டு. பெரிய இனத்தை வருடா வருடம் வெட்டிக் குட்டையாக வைக்கப் பார்ப்பது வளர்கிற பிள்ளைக்குப் போன வருடச் சப்பாத்தைப் போடுவது மாதிரி.

அடியிலிருந்து வரும் பக்கக் கன்றுகளை மட்டும் மாதம் பார்க்காமல் எப்போது கண்டாலும் எடுத்துவிடலாம். பிஞ்சாக இருக்கும்போது கையாலேயே பிடித்து இழுத்துக் கிழித்தால் திரும்ப வருவது குறையும், கத்தியால் வெட்டினால் இரண்டாகத் திரும்பி வரும். மூன்றிலிருந்து ஐந்து தண்டு வரை வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்டுகளில் கீழிருந்து மூன்று நாலு அடி வரை சிறு கிளைகளை ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி வந்தால் தண்டு வெளியே தெரியும்.

தண்டு தெரிய வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், பூ இல்லாத மாதங்களில் இந்த மரத்தின் அழகே அதுதான். கொய்யா மரம் பார்த்திருப்பீர்கள், பட்டை சீவல் சீவலாக உரிந்து உள்ளே வழவழவென்று ஒரு நிறம் தெரியுமே, அதே மாதிரி. தடவினால் குளிர்ச்சியாக இருக்கும். ஜப்பானில் இதற்குக் 'குரங்கு வழுக்கும் மரம்' என்ற அர்த்தத்தில்தான் பெயர். கோணேசர் கோயிலடிக் குரங்குகளுக்கு இதை யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், அதுகள் எதிலும் ஏறும். மொட்டையடித்த மரத்துக்கு இந்த அழகு வரவே வராது. தண்டு தடித்துப் பட்டை உரியும் வயதுக்கு அதை நாம் விடுவதில்லை.

வெட்டும் விதத்தில் ஒன்றைக் கவனியுங்கள். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போட்டது போல ஒரு மடிப்பு இருக்கும். அந்த மடிப்புக்கு வெளியே, அதை ஒட்டினாற்போல வெட்ட வேண்டும். மடிப்பையும் சேர்த்துத் தண்டோடு சீவினால் காயம் மூட வருடக்கணக்காகும். கட்டை விட்டு வெட்டினால் அந்தக் கட்டை உளுத்துப்போகும். விரலை விடத் தடித்த கிளையென்றால் வாள் எடுங்கள், முதலில் கீழ்ப்பக்கம் கால்வாசி அறுத்துவிட்டுப் பிறகு மேலிருந்து வாருங்கள். இல்லாவிட்டால் கிளை விழும்போது தோலையும் இழுத்துக்கொண்டு போகும். வெட்டுக்கத்தியால் ஓங்கி வெட்டுவது தென்னைமட்டைக்குச் சரி, இதற்கு வேண்டாம். வெட்டின வாயில் பெயின்ற், தார், சாணம் ஒன்றும் பூச வேண்டாம், மரம் தானாக மூடிக்கொள்ளும்.

உங்கள் மரத்துக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று மெதுவான வழி. பெப்ரவரி வந்ததும் ஒவ்வொரு முட்டியிலும் வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் நல்ல கிளை இரண்டை மட்டும் வைத்துவிட்டு மற்றதையெல்லாம் அடியோடு எடுங்கள். அடுத்த பெப்ரவரியும் அதே. வைத்த கிளைகள் தடித்து முட்டியை மெல்ல விழுங்கிவிடும். வடிவம் திரும்ப மூன்று வருடமாவது ஆகும், தண்டில் ஒரு வளைவும் மிஞ்சும். மற்றது துணிச்சலான வழி. மரத்தையே நிலமட்டத்தில் வெட்டிவிட்டு, அடியிலிருந்து வரும் கன்றுகளில் ஐந்தைத் தேர்ந்து புதிதாக வளர்ப்பது. மொட்டையடிக்காதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு அடியோடு வெட்டச் சொல்கிறானே என்று சிரிக்காதீர்கள். இது ஒருமுறைதான் செய்வது, வேர் பழையது என்பதால் கன்று பாய்ந்து வரும், முட்டியும் இராது. தண்டு மணிக்கட்டை விட மெல்லியதாக இருந்தால் நான் இதைத்தான் செய்வேன். மூன்று வயது மரம், உங்களுடையது அப்படித்தான் இருக்கும். ஒரு வருடம் பூ கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். எந்த வழியென்றாலும் பெப்ரவரி வரை கத்தியை உள்ளே வையுங்கள். இந்த ஒக்ரோபரில் வேலைக்கு ஆள் வரும்போது நீங்கள் வீட்டில் இருப்பது நல்லது, இல்லாவிட்டால் அவர் பழக்கத்தில் வெட்டிவிட்டுப் போய்விடுவார்.

வெள்ளைக்கு மருந்து கேட்டீர்கள். நெருக்கம் குறைந்தாலே பாதி போய்விடும். மிச்சத்துக்கு, காலை வேளையில் குழாய்த் தண்ணியை இலையில் பலமாக அடித்துக் கழுவுங்கள், வெயில் ஏறமுன் காய்ந்துவிட வேண்டும். இந்தப் பூஞ்சணத்தின் வித்துக்குத் தண்ணியில் நனைவது பிடிக்காது. அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லீற்றர் தண்ணியில் ஒரு சிறுகரண்டி அப்பச்சோடாவும் இரண்டு சொட்டுச் சவர்க்காரக் கரைசலும் கலந்து, முதலில் ஒரு கிளையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதுக்குத் தெளியுங்கள். மத்தியான வெயிலில் எதையும் தெளிக்க வேண்டாம். இந்த நோய் எளிதில் பிடிக்காத இனங்களும் இருக்கின்றன. வாஷிங்டனில் உள்ள அமெரிக்கத் தேசிய மரப்பூங்காவில் ஜப்பான் நாட்டுச் சொந்தக்கார மரம் ஒன்றோடு கலந்து உருவாக்கியவை. வெள்ளைப் பூவும் கறுவாப்பட்டை நிறத் தண்டுமாக 'நாச்செஸ்' என்று ஒன்று அவற்றில் பேர்போனது. நம்மூரில் தெருவோரம் கன்று விற்பவரிடம் இனப்பெயர் கேட்டால் 'பிங்க்', 'வெள்ளை' என்பார், அதோடு கதை முடிந்தது.

இலையில் கறுப்பாக மை பூசியது போல வந்தால் அது வேறு. இலையின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், சிறு பச்சைப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுகளின் இனிப்புக் கழிவில்தான் கறுப்புப் படரும், எறும்பும் அதற்குத்தான் வரும். சவர்க்காரத் தண்ணி போதும்.

இனி உப்புவெளியின் உப்பு. பெயரிலேயே இருக்கிறது, கேட்டிருக்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. இந்த மரம் வெக்கையைத் தாங்கும், வேர் பிடித்துவிட்டால் வரட்சியையும் தாங்கும். உப்பைத்தான் அவ்வளவாகத் தாங்காது. ஜூலை, ஓகஸ்டில் கச்சான் காற்று அனலாக அடிக்கும்போது இலையின் ஓரம் மட்டும் மண்ணிறமாகக் கருகுகிறதா? அப்படியென்றால் கிணற்றுத் தண்ணியை வாயில் விட்டுப் பாருங்கள். கரித்தால் அந்த இரண்டு மாதமும் குழாய்த் தண்ணி கொடுங்கள். இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள். தினமும் ஒரு செம்பு ஊற்றுவதை விட நாலு நாளைக்கு ஒருக்கா இரண்டு மூன்று வாளி ஊற்றுவது நல்லது, அப்போதுதான் வேர் கீழே போகும். எங்கள் பாலையூற்று மண்ணைவிட உங்கள் கடற்கரை மணல் தண்ணியை நிறுத்தாது. அதற்குப் பொச்சுமட்டைதான் வழி. மரத்தைச் சுற்றி ஒரு முழம் தள்ளி வட்டமாகக் கிடங்கு வெட்டிப் பொச்சுமட்டையை அடுக்கி மூடுங்கள், மேலே சருகு இரண்டு மூன்று அங்குலம். சருகு தண்டில் முட்டக் கூடாது.

உரம் அதிகம் வேண்டாம். பெப்ரவரியில் குருத்து விடும்போது உக்கின மாட்டெரு ஒரு கடகம், அவ்வளவுதான். யூரியா போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது, அந்தத் தளதளப்பைத் தேடிப் பூச்சி வரும். 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து எல்லோரும் திண்டாடிய வருடம் என் மரம் வழக்கத்தைவிட நன்றாகப் பூத்தது. அதற்கு முன் நான் புல்லுக்கென்று போட்ட யூரியாவில் பாதி அதன் வேருக்குத்தான் போயிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

வெயிலும் முக்கியம். நாளுக்கு ஆறு மணித்தியாலம் நேர்வெயில் இல்லாத இடத்தில் எந்த வெட்டும் பூவைக் கொண்டுவராது. பக்கத்து வேம்பு பெருத்து நிழல் விழுத்துகிறதா என்றும் ஒருக்கா அண்ணாந்து பாருங்கள். கோட்டைப் பக்கத்திலோ டவுனிலோ இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒன்று சொல்ல வேண்டும்: பெப்ரவரியில் வெட்டியதும் மரத்தைச் சுற்றிக் கம்பிவலை கட்டுங்கள். இரவில் வீதியில் திரியும் மான் மற்ற நாட்களில் இதைப் பெரிதாக எண்ணாவிட்டாலும் புதுக் குருத்தை விடாது.

முதல் பூக்கொத்து காய்ந்ததும் பச்சை மணி மாதிரிக் காய் கட்டும். அது கட்டமுன் கொத்தை மட்டும், அடுத்த இலைக்கணு வரை, நுள்ளி எடுத்தால் இரண்டாம் முறை பூக்கும். சில வருடம் மூன்றாம் முறையும். சீனத்தில் இதை 'நூறு நாள் சிவப்பு' என்பது இப்படித் தொடர்ந்து பூப்பதால்தான். மரம் கைக்கெட்டாத உயரமென்றால் விட்டுவிடுங்கள், ஏணி வைத்து ஏறும் அளவுக்கு இது பெரிய காரியமல்ல.

ஒரு சந்தேகத்தையும் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதில் பலர் ஏமாறுகிறார்கள். கிரேப் மிர்ட்டில் என்று சொல்லிப் பூமருதுக் கன்றை விற்பவர்கள் உண்டு. சிங்களத்தில் முருத்த என்பார்களே, ஊதாப் பூவோடு வீதியோரம் நிற்கும் பெரிய மரம், அது. இரண்டும் ஒரே இனக்கூட்டம்தான். லின்னேயசு என்ற தாவர அறிஞர் இந்தக் கூட்டத்துக்கு லாகர்ஸ்த்ரோமியா என்று பெயர் வைத்தது தனக்குச் செடிகள் கிடைக்க உதவிய லாகர்ஸ்த்ரோம் என்ற சுவீடன் வணிகரின் ஞாபகமாக. நம் வளவு மாதுளையும் மருதோன்றியும்கூட இதற்குச் சொந்தம், ஒரே குடும்பம். ஆனால் பூமருது நாற்பது அடி தாண்டும், மதிலோரத்தில் நட்டால் மதில் போகும். இலையைப் பாருங்கள். கிரேப் மிர்ட்டில் இலை பெருவிரல் நீளம்தான், பூமருது இலை உள்ளங்கையை விட நீளும். பூவும் அப்படியே. கிரேப் மிர்ட்டில் பூவை ஒருநாள் கையில் எடுத்துப் பாருங்கள், ஆறு இதழ், ஒவ்வொன்றும் மெல்லிய நூல்போன்ற காம்பில் நிற்கும், ஓரமெல்லாம் கோயில் சோடனைக்குச் சுருக்கும் கிரேப் கடதாசி மாதிரி. பெயரே அந்தச் சுருக்கத்தால் வந்ததுதான். நடுவில் மஞ்சளாகக் குட்டைக் கேசரம், சுற்றி ஆறு நீளமாக வளைந்து நிற்கும். தேனீ மஞ்சளில் வாய் வைக்கும்போது நீளமானவை அதன் முதுகில் மகரந்தத்தைப் பூசிவிடும். உங்களுடையது முதல் வருடமே பூத்தது என்றபடியால் அது பெரும்பாலும் கிரேப் மிர்ட்டில்தான், இலையையும் ஒருக்கா பார்த்துக்கொள்ளுங்கள்.

பெப்ரவரியில் வெட்டும் குச்சிகளை எறிந்துவிடாதீர்கள். பென்சில் தடிப்பில் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, மேல் எது கீழ் எது என்று மாறாமல், பாதி மண்ணுக்குள் போகும்படி மணலும் கூட்டெருவும் கலந்த பையில் குத்தி, கிணற்றடி நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, தண்ணியும் நிற்கக் கூடாது. விதையில் வளர்த்தால் நிறம் மாறும், குச்சியில் தாய்மரத்தின் நிறமே வரும். பத்துக் குத்தினால் நாலைந்து பிடிக்கும். தளிர் வந்ததும் இழுத்துப் பார்க்க ஆசை வரும், இழுக்காதீர்கள், வேருக்கு முன் இலை வரும் மரம் இது. அடுத்த மாரி தொடங்கும்போது நிலத்துக்கு மாற்றலாம்.